நாலே கட்டத்தில் ஒரு காமிக்ஸ்!

பிள்ளைகளே! படக்கதை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், "இரும்புக்கை மாயாவி" என்று உடனே சொல்வார். 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் அது. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் எத்தனையோ பேர்!

அந்த மாயாவி எங்கே பிறந்தவர் தெரியுமா? 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்ற வார இதழில். வரைந்தவரோ ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. சிவகாசிக்கு வந்தபோது பேச்சுக் குமிழுக்குள் இருந்த ஆங்கிலம் தமிழாக மாறியது. படம் அதே படம்தான்! கடல் கடந்த ஓவியர் வரைந்தது நம்மூர்ச் சிறுவர்களுக்கும் புரிந்ததே, அதுதான் படக்கதையின் பலம்.

அந்தப் பலம் நம் திருப்பூருக்கு ரொம்பவே தேவை. பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று பல மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் இங்கே வந்திருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் தமிழ் புரியாமல் உங்கள் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். அவனுக்கு நீங்கள் கதை சொல்ல முடியுமா? முடியும், படத்தால்! ஒரு தாள், ஒரு பென்சில், வீட்டிலுள்ள செல்போனில் ஓர் ஆப். இவை போதும்.

முதலில் கதை

துணியை வெட்டும் முன் பேட்டர்ன் அட்டை தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அதுபோல ஆப்பைத் திறக்கும் முன் கதை தயாராக வேண்டும். தாளை நாலாக மடித்துப் பிரியுங்கள். தொடக்கம், சிக்கல், முயற்சி, முடிவு என்று நான்கு கட்டங்கள். இதோ ஒரு மாதிரி:

கட்டம் 1: சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். புதிதாக வந்த பையன் மரத்தடியில் தனியாக நிற்கிறான்.

கட்டம் 2: பந்து சாக்கடையில் விழுகிறது. எல்லோர் முகமும் தொங்கிப் போகிறது.

கட்டம் 3: புதுப் பையன் பனியன் வேஸ்ட் துணிகளை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்கிறான்.

கட்டம் 4: அவனே பந்து வீசுகிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

பிறகு ஆப்

1. 'கான்வா' போன்ற ஆப்பில் 'காமிக் ஸ்ட்ரிப்' என்று ஆங்கிலத்தில் தேடினால், கட்டம் போட்ட பக்கங்கள் வரும். நான்கு கட்டம் உள்ளதை எடுங்கள்.

2. ஆப்பில் இருக்கும் பொம்மைகள் எல்லோருக்கும் பொது. உங்கள் தெரு அதில் இருக்காது! ஆகவே நீங்களே வரைந்து, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் படம் எடுத்துக் கட்டத்தில் சேருங்கள்.

3. குமிழின் வால் பேசுபவரின் வாயைப் பார்க்க வேண்டும். மனதில் நினைப்பதற்கு மேகம் போன்ற குமிழ். முதலில் பேசுபவரின் குமிழ் இடப்பக்கம் மேலே இருக்கட்டும். ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டாம்.

4. முடித்ததும் படமாகச் சேமித்து வையுங்கள். சென்னையின் ஜோஹோ நிறுவனத்தைச் சேர்ந்த ஜாம்பவ் குழு, 2007-இல் 'டூன்டூ' என்ற காமிக்ஸ் செய்யும் இணையதளத்தைத் தொடங்கியது. அந்தத் தளம் இப்போது இல்லை. இன்றைய ஆப்பும் நாளை மூடப்படலாம். எனவே தாளில் வரைந்ததையும் பத்திரப்படுத்துங்கள்.

கவனம்: ஆப்பைப் பெரியவர்களே திறந்து தரட்டும். உங்கள் புகைப்படம், பள்ளிப் பெயர், செல்போன் எண் எதையும் அதில் போடக்கூடாது. யாரையும் கேலி செய்து வரையவும் கூடாது.

கடைசியில் பரீட்சை!

குமிழ்களை விரலால் மறைத்துக்கொண்டு, தமிழ் தெரியாத அந்தத் தோழனிடம் காட்டுங்கள். நான்காவது கட்டத்தில் அவன் சிரித்தால் நீங்கள் பாஸ்! விழித்தால் எந்தக் கட்டம் புரியவில்லை என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, அதை மறுபடி வரையுங்கள்.

பிறகு ஒரு பிரதியில் குமிழ்களைக் காலியாக விட்டு அவனிடம் கொடுங்கள். அவன் தன் மொழியில் எழுதட்டும். 'பந்து'க்கு அவன் மொழியில் என்ன சொல் என்று அப்படியே நீங்களும் கற்றுக்கொள்ளலாமே!