பூனைக்குத் தயிர்சோறு போதுமா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் எலி பிடித்துத் தின்னும் பூனைக்குச் சதை, எலும்பு, இதயம், ஈரல் எல்லாம் ஒரே இரையில் கிடைத்துவிடும். வீட்டுக்குள் அடைபட்ட பூனைக்கோ நாம் வைப்பதுதான் உணவு. பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாத பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அறிவோம்.

தயிர்சோறு வயிற்றை நிரப்பும். ஆனால் பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் போதிய அளவு உண்டு. அது குறைந்தால் பார்வை கெடும். இதயமும் பலவீனமாகும் என்பது 1987-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. குர்பானி நாட்களில் ஆட்டின் இதயத்தில் ஒரு துண்டை அதற்கு ஒதுக்குவோம். ஈரல் கொஞ்சமே போதும்.

பச்சைக் கறியில் கிருமிகள் இருக்கலாம். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் வெங்காயம், மசாலா சேர்க்காமல் வேகவைத்து, டாரின் இறங்கிய அந்தத் தண்ணீரோடு வைப்பதே நல்லது. எலும்பில்லாக் கறியே தினமும் என்றால் சுண்ணாம்புச்சத்து குறையும். அதற்கு வெந்த எலும்பைப் போடாமல் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.