காலரா ஏன் உலக அவசரநிலை ஆகவில்லை?

உலக சுகாதார நிறுவனம் 2009 முதல் 2024 வரை 8 முறை பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்திருக்கிறது. பன்றிக் காய்ச்சல், போலியோ, இரண்டு முறை எபோலா, சிகா, கொரோனா, இரண்டு முறை குரங்கம்மை என்பதே அந்தப் பட்டியல். இதே காலத்தில் ஹைட்டியில் ஏறத்தாழ 8 லட்சம் பேரைத் தாக்கிச் சுமார் 10,000 பேரைக் கொன்ற நோய் அதில் இல்லை. ஏமனில் 2017 இறுதிக்குள் 10 லட்சம் பேரைத் தாக்கியிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டதும் அதே நோய்தான். காலரா என்று மருத்துவமும், வாந்திபேதி என்று நம் பாட்டிமாரும் அழைத்த நோய் அது.

இந்த விடுபடலை விளங்கிக்கொள்ள, பன்னாட்டுச் சுகாதாரச் சட்டம் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். அந்தச் சட்டத்தைப் பெற்றெடுத்ததே காலராதான். 1817இல் வங்காளத்திலிருந்து கிளம்பிய நோய், 1830களில் ஐரோப்பிய நகரங்களை உலுக்கியது. 1851இல் பாரிசில் 12 அரசுகள் கூடி முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாட்டை நடத்தின. ஒவ்வோர் அரசும் ஒரு மருத்துவரையும் ஒரு தூதரையும் அனுப்பியது. நோயைப் பேச ஒருவர், வணிகத்தைப் பேச ஒருவர் என்று நாம் புரிந்துகொள்ளலாம். தொடர்ந்து நடந்த மாநாடுகளில் வென்றவர் பெரும்பாலும் இரண்டாமவரே. கப்பல்களை எத்தனை நாள் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பது என்ற வாதத்திலேயே 40 ஆண்டுகள் கழிந்தன. 1892இல் வெனிசில்தான் முதல் உடன்படிக்கை கையெழுத்தானது. அதுவும் சூயஸ் கால்வாய் வழியே செல்லும் கப்பல்களைப் பற்றியது.

அந்த 40 ஆண்டுகளில் பிரித்தானிய இந்திய அரசு நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. லண்டனில் காலரா குடிநீர் வழியே பரவுகிறது என்பதை 1854இலேயே ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின், கப்பல்களைத் தடுத்து வைப்பது பேரரசின் வணிகத்துக்குப் பெரும் இடையூறாகத் தோன்றியது. இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த கன்னிங்ஹாம், காலரா தொற்றுநோயே அல்ல என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டார். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில், மக்கள் குளித்து, துவைத்து, குடித்துவந்த ஒரு குளத்தின் நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டறிந்தார். அதற்குப் பிறகும் ஆட்சியாளர்களின் மறுப்பு உடனே அடங்கிவிடவில்லை. குளத்தைத் தூய்மைப்படுத்துவதற்குச் செலவாகும்; கிருமியை மறுப்பதற்குச் செலவில்லை.

ஆகவே இந்தச் சட்ட மரபு தொடக்கம் முதலே ஒரு கேள்வியைத்தான் கேட்டுவந்தது: நோய் எந்த எல்லையைத் தாண்டி எங்கள் துறைமுகத்துக்கு வரும்? நோய் பிறந்த இடத்தில் மக்கள் எந்த நீரைக் குடிக்கிறார்கள் என்ற கேள்வி அதன் ஓரத்திலேயே நின்றது. 2005இல் திருத்தி எழுதப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்த இன்றைய பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகளும் இந்த மரபின் வாரிசுதான். ஒரு நிகழ்வு வழக்கத்துக்கு மாறானதாக இருக்க வேண்டும். அது பிற நாடுகளுக்குப் பரவும் ஆபத்துக் கொண்டதாக இருக்க வேண்டும். நாடுகள் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டிய தேவையை எழுப்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது பன்னாட்டு அவசரநிலை. ஏழை நாடுகளில் ஆண்டுதோறும் வந்துபோகும் காலராவை எவர் வழக்கத்துக்கு மாறானது என்பார்? மரணம் வழக்கமாகிவிட்ட இடத்தில் அவசரநிலை பிறப்பதில்லை.

இங்கு ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய ஒழுங்குமுறைகளில் காலரா கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகவே இருந்தது. 1951இல் அப்பட்டியலில் 6 நோய்கள் இருந்தன. பெரியம்மை ஒழிந்தபின் 1981இல் காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் ஆகிய மூன்றும் எஞ்சின. ஆனால் அறிவித்த நாடுகள் தண்டிக்கப்பட்டன. 1991இல் பெருவில் காலரா பரவியபோது, அந்நாட்டின் மீனையும் பிற உணவுப் பொருள்களையும் வாங்கப் பல நாடுகள் மறுத்தன. உண்மையைச் சொன்னால் ஏற்றுமதி போகும் என்றால், எந்த அரசு சொல்லும்? எனவே 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெரியம்மை, போலியோ, புதுவகை மனிதக் காய்ச்சல், சார்ஸ் ஆகிய நான்கு மட்டும் ஒரே ஒரு நோயாளி இருந்தாலும் அறிவிக்க வேண்டியவை ஆயின. காலரா, நாடுகளே எடைபோட்டு முடிவு செய்யும் இரண்டாம் பட்டியலுக்குப் போனது. பயணத் தடையால் காலராவைத் தடுக்க முடியாது என்பதும் மருத்துவ உண்மைதான். இருப்பினும் விளைவு என்ன? அறிவிப்பு இல்லாத இடத்தில் உலகின் கவனமும் பணமும் மருந்தும் மெல்லத்தான் வருகின்றன. 2022 அக்டோபரில் வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்து போதாமல், இரண்டு தவணைகளுக்குப் பதில் ஒரு தவணை மட்டும் கொடுக்கும் நிலைக்கு உலகம் வந்தது. அந்த மருந்தைத் தயாரித்துவந்த இரு நிறுவனங்களில் ஒன்றான ஐதராபாத் நிறுவனமோ உற்பத்தியை நிறுத்தும் முடிவில் இருந்தது. பணக்கார நாடுகளில் வாங்குவோர் அதிகம் இல்லாத மருந்து அது.

காலரா கொல்லும் விதத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். நோயாளியின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும் கிருமி, மற்றொருவரின் குடிநீரிலோ உணவிலோ கலந்து அவர் குடலை அடைகிறது. அங்கு அது சுரக்கும் நச்சு, உடலின் நீரையும் உப்பையும் குடலுக்குள் இழுத்துக் கொட்டுகிறது. அந்த நச்சை 1959இல் கல்கத்தாவில் இனங்கண்டவர் சம்புநாத் தே. கடுமையாகத் தாக்கினால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். ஆனால் உப்பு சர்க்கரைக் கரைசல் வேளையோடு கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தே பெரும்பாலானோரைக் காப்பாற்றினார். தடுப்பதும் எளிது, குணப்படுத்துவதும் எளிது. அப்படிப்பட்ட நோயால் இன்றும் உலகில் ஆண்டுக்குச் சுமார் 95,000 பேர் இறக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஹைட்டியின் கதை இதில் தனியே பேசத்தக்கது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் போராடி 1804இல் விடுதலை பெற்ற நாடு அது. குறைந்தது ஒரு நூற்றாண்டாக அங்கு காலரா இல்லை. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பின், அக்டோபரில், ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆர்த்திபோனித் ஆற்றோடு சேரும் ஓடையில் கலந்தது. ஆற்று நீரைக் குடித்த மக்கள் செத்து விழுந்தார்கள். காப்பாற்ற வந்தவர்களின் மலத்தைக் குடிக்க நேர்ந்த மக்கள் நீதிமன்றம் சென்றபோது, ஐ.நா. தனக்குரிய சட்ட விலக்கைக் காட்டியது. அமெரிக்க நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 6 ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில்தான் பொதுச் செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கோரினார். அப்போதும் சொல்லப்பட்டது, நோய் பரவுவதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்பது மட்டுமே. நோயைக் கொண்டுவந்தது பற்றி அதில் நேரடியான ஒப்புதல் இல்லை.

கொரோனாக் காலத்தில், கிருமி சாதி பார்ப்பதில்லை என்று பலர் நமக்குச் சொன்னார்கள். கிருமி பார்ப்பதில்லை, சரி. ஆனால் குழாய் போடுகிறவர் பார்க்கிறார். கிணற்றுக்குக் காவல் நிற்பவர் பார்க்கிறார். நீரால் பரவும் நோய்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாடே எல்லாம். மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அக்குளத்து நீரை அள்ளிக் குடித்தார். பின்னர் சாதி இந்துக்கள் பசுவின் சாணம், சிறுநீர், பால், தயிர் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டித் 'தீட்டு' கழித்தார்கள். கோக் கல்கத்தாக் குளத்தில் கிருமியைக் கண்டு 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. குடிநீரில் சாணத்தைக் கலப்பது தூய்மை, தலித்தின் கை படுவது அசுத்தம் என்று கருதிய சமூகத்தில் சுகாதாரம் என்ற சொல்லின் பொருளே தலைகீழாக நின்றது. குளத்தின் மீதான உரிமையை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். குடிநீரைச் சோதிக்கும்படி மருத்துவர் சொன்னபின், தலித் குடியிருப்புக்கு நீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது அதில் மனித மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் காவல்துறை அக்குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதை ஊர் மக்களும் தலித் இயக்கங்களும் ஏற்க மறுத்தார்கள். அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நோய் பரவும் வழியைக் கற்றவர்கள் இதில் காண வேண்டிய மற்றொன்றும் உண்டு. குழந்தைகளின் உடல்தான் அங்கு நீரைச் சோதித்த முதல் கருவியாக இருந்தது. அவர்கள் நோயுறும் முன் அந்த நீரை எவரும் சோதித்து எச்சரிக்கவில்லை.

நம் நாட்டில் காலராவை மறைப்பதற்குப் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சோதிக்காமல் விட்டாலே போதும். வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொண்டால் காலரா கணக்கில் ஏறாது. உறுதிசெய்ய, நோயாளிக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுப்பதற்கு முன் மல மாதிரி எடுத்து, கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதற்கு நேர்மாறாக 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பெருகியபோது, புதுச்சேரி அரசு சோதித்து, காலரா என்ற பெயரை வெளிப்படையாகச் சொல்லி, பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பெயரைச் சொன்னதால் வானம் இடிந்துவிடவில்லை. பள்ளிகளைச் சில நாள் மூடி, தொட்டிகளைக் கழுவி, குளோரின் கலக்கும் வேலையை முடுக்கிவிட்டார்கள்.

அந்தத் தொட்டிகளைக் கழுவுவோர் யார், சாக்கடை அடைப்பை எடுப்போர் யார் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மலத்தோடு நாளெல்லாம் உழைக்கும் தூய்மைப் பணியாளரே இந்நோய்க்கு மிக அருகில் நிற்கிறார். வாய்வழித் தடுப்பு மருந்து என ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்குச் சொல்லப்பட்டதில்லை.

எனவே ஒரு சேரியில் ஒரே வாரத்தில் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டால், நாம் கேட்க வேண்டியவை திட்டவட்டமானவை. எத்தனை பேரிடம் மல மாதிரி எடுக்கப்பட்டது, மருந்து கொடுக்கும் முன்பா பின்பா, முடிவு என்ன? ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வாராந்திரப் பதிவில் அது எந்தப் பெயரில் ஏறியது? தொட்டி கடைசியாக எந்த நாளில் கழுவப்பட்டது? தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் இவற்றைக் கேட்கலாம்; கல்லூரி மாணவர் ஒருவரே எழுதிப் போடலாம். குடிநீர்க் குழாயின் கடைசி முனையில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. குழாய் சேரியில் முடிகிற ஊர்களில் அந்தக் கடைசி முனை சேரியின் தெருக்குழாய்தான். தொட்டியின் அடியில் எடுத்த அளவைக் காட்டினால் ஏற்க வேண்டாம். அந்தத் தெருக்குழாயில், மக்கள் பார்க்க, அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.