புதுக் கணினி ஏன் விழிக்கவில்லை?

சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டுகளுக்குப் பதிலாக ஒரு கணினி இருந்தது. கடையில் முழுசாக வாங்கிய கணினி இல்லை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, நானும் என் மகளும் சேர்ந்து மாட்டிய கணினி. இரண்டு வருடப் பிறந்தநாள் பணத்தை அவள் சேர்த்து வைத்திருந்தாள். அது முழுவதும் இதில்தான் போயிருந்தது.

பொத்தானை அவள்தான் அழுத்தினாள். விசிறிகள் "உய்ங்" என்று சுற்றின. விளக்குகள் எரிந்தன. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது.

"அப்பா, கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் மென்பொருள் பொறியாளர். தினமும் கணினியோடுதான் வேலை. ஆனாலும் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. "மதர்போர்டு போச்சுன்னு நினைக்கிறேன். திங்கட்கிழமை திருப்பி அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டேன். ஒன்றையும் சோதிக்காமல் அப்படிச் சொன்னது தப்பு. ஏன் தப்பு என்று பார்ப்போம், வாங்க.

முதலில், பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது? மதர்போர்டு என்பது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை. தமிழில் தாய்ப்பலகை என்று எழுதுவார்கள். பொத்தான் அந்தப் பலகைக்கு ஒரு சின்ன சைகை மட்டும் கொடுக்கும். பலகை உடனே பவர் சப்ளை பெட்டியிடம் மின்சாரம் கேட்கும். மின்சாரம் சரியாக வந்ததும் பிராசசர் வேலையைத் தொடங்கும். பிராசசர்தான் கணக்குப் போடும் மூளை. அது முதலில் ஒரு சின்னப் பரிசோதனை செய்யும். ராம் இருக்கிறதா? படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா? எல்லாம் சரி என்றால், விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தேடும்.

இது பள்ளியில் டீச்சர் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி. ஒருவர் "உள்ளேன்" சொல்லவில்லை என்றால் பாடம் தொடங்காது.

பல மதர்போர்டுகளில் இதற்காகவே நான்கு குட்டி விளக்குகள் உண்டு. பக்கத்தில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று எழுதியிருக்கும். எந்தப் பாகத்தில் பரிசோதனை நின்றுவிட்டதோ, அந்த விளக்கு அணையாமல் எரியும். விளக்கு இல்லாத சில பலகைகள் "பீப், பீப்" என்று ஒலி எழுப்பும். அதற்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் மாட்ட வேண்டும். எத்தனை பீப் வந்தால் என்ன அர்த்தம் என்பது கையேட்டில் இருக்கும். கையேட்டைத் தூக்கி எறியாதீங்க! நான் அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தேன். மகள் போய் எடுத்து வந்தாள்.

உள்ளே கை வைப்பதற்கு முன் சில விஷயங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு பொத்தானை ஒரு தடவை அழுத்தினால், மிச்சம் இருக்கும் மின்சாரமும் போய்விடும். ஆனால் பவர் சப்ளை பெட்டிக்குள் மட்டும் இது போதாது. அங்கே மின்சாரம் தங்கியிருக்கலாம். அதனால் அந்தப் பெட்டியை ஒருபோதும் திறக்கக் கூடாது. அப்பா, அம்மாவும் திறக்கக் கூடாது.

இன்னொன்று. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். காற்று காய்ந்து போகும். கம்பளி சாக்ஸ் போட்டுக் கார்ப்பெட்டில் நடந்து, கதவுப் பிடியைத் தொட்டால் "சுரீர்" என்று ஷாக் அடிக்குமே, அது நிலைமின்சாரம். நமக்கு அது கிச்சுக்கிச்சு. சில்லுக்கு அது இடி! பாகத்தைத் தொடும் முன் கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொடுங்கள். சாக்ஸையும் கழற்றிவிடுங்கள்.

இப்போது தேடலாம். கணினி கொஞ்சமும் அசையவில்லை என்றால், பவர் சப்ளைக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். சிரிக்காதீங்க, நிறையப் பேர் மறப்பது இதைத்தான்! அடுத்து, மதர்போர்டுக்கு மின்சாரம் இரண்டு இடத்தில் போக வேண்டும். 24 பின் உள்ள பெரிய கேபிள் ஒன்று. பிராசசருக்கு மட்டும் 8 பின் உள்ள கேபிள் இன்னொன்று. சின்னது பலகையின் மூலையில் ஒளிந்திருக்கும். அதை மாட்டாமல் விட்டால் விசிறி சுற்றும், ஆனால் மூளைக்குச் சாப்பாடு போகாது.

எங்கள் கணினியில் இரண்டு கேபிளும் சரியாகவே இருந்தன. எரிந்த விளக்கு டிராம். அப்படி என்றால் ராம். சில புதுக் கணினிகள் முதல் தடவை ராமைச் சோதித்துப் பழக சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு அணைக்கக் கூடாது. நாங்கள் பத்து நிமிடம் காத்திருந்தோம். விளக்கு அணையவே இல்லை.

மின்கம்பியைக் கழற்றிவிட்டு மகள் குனிந்து பார்த்தாள். "அப்பா, இந்தப் பக்கம் கொஞ்சம் மேல நிக்குது." ஆமாம்! ராமை மாட்டியது நான்தான். உடைந்துவிடுமோ என்று மெதுவாக அழுத்தியிருந்தேன். ராமை நேராக வைத்து, "க்ளிக்" சத்தம் கேட்கும்வரை பலமாக அழுத்த வேண்டும். அவள் அழுத்தினாள். க்ளிக்!

மறுபடியும் பொத்தான். டிராம் விளக்கு அணைந்தது. திரையோ அதே கறுப்பு.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்வார்கள். "ராம் காரணம் இல்லை போல" என்று எல்லாவற்றையும் கழற்றத் தொடங்குவார்கள். ஆனால் ஒரு விளக்கு அணைந்திருக்கிறதே! அப்படி என்றால் ஒரு பிழை போய்விட்டது. அதன் பின்னால் இன்னொரு பிழை ஒளிந்திருந்தது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். பழைய ஆட்களும் எழுதித்தான் வைத்தார்கள். 1947-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற கணினிக்குள் ஓர் அந்துப்பூச்சி மாட்டிக்கொண்டது. அங்கே வேலை செய்தவர்கள் அதை எடுத்து, குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டியே வைத்துவிட்டார்கள்!

எங்கள் இரண்டாவது பிழை பூச்சி இல்லை, கேபிள். திரையின் கேபிளை மதர்போர்டின் ஓட்டையில் செருகியிருந்தோம். எங்கள் பிராசசருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது. கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும். இந்தத் தடவை மாட்டியது யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கே தெரியும்.

கேபிளை மாற்றினோம். திரையில் வெள்ளை எழுத்து வந்தது. இயங்குதளம் எதுவும் இல்லை என்று ஒரு பிழைச் செய்தி. அதை நாங்கள் இன்னும் போடவே இல்லையே! பரிசோதனை முழுவதும் முடிந்தால்தான் அந்தச் செய்தி வரும்.

மகள் சமையலறைக்கு ஓடினாள். "அம்மா! சீக்கிரம் வாங்க! எர்ரர் வந்திடுச்சு!"