தீப்பொறிச் செருகியைத் தேர்தல்

பெற்றோல் வண்டியின் இயக்கம் தீப்பொறியிலேயே தங்கியுள்ளது. அப்பொறியைத் தோற்றுவிக்குஞ் சிறு கருவியைத் திருத்துநர் 'பிளக்' என வழங்குவர். புரியிற் பொருந்துவன யாவும் தகுந்த பிளக் எனக் கொள்ளுதல் பெரும் பிழையாம்.

முதற்கண் நோக்கற்பாலது வெப்பத் தரம். பிளக்கின் முனை ஏறத்தாழ 500 பாகை செல்சியசு சூடேறினாலன்றித் தன்மேற் படியுங் கரியை எரித்தகற்றாது. அஃது 850 பாகையை விஞ்சின், பொறி தோன்றுமுன்னரே கலவை தீப்பற்றும். முசலம் உருகித் துளைபடவுங் கூடும். வெப்பத்தை விரைந்து கடத்துவது குளிர்ந்த பிளக். மெல்லக் கடத்துவது சூடான பிளக்.

ஈண்டொரு மயக்கமுண்டு. என்.ஜி.கே. பிளக்கில் வெப்ப எண் உயர உயரக் குளிர்மை மிகும். பொஷ், சம்பியன் ஆகியவற்றிலோ எண் உயரச் சூடே மிகும். ஆதலின் எண்ணை மட்டும் ஒத்துப்பார்த்து வாங்குதல் தகாது. வண்டியின் கைந்நூல் குறிக்கும் வகையையே நாடல் வேண்டும். புரியின் நீளமும் ஒத்தல் வேண்டும்; மிக நீண்டது முசலத்தில் மோதும்.

வவுணதீவிலிருந்து வலையிறவுப் பாலங் கடந்து மட்டக்களப்பு நகர் சென்று மீளும் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை எண்ணுக. ஓட்டங் குறுகியதாதலின், எஞ்சின் நன்கு சூடேறுமுன்னரே ஓய்ந்து பிளக்கிற் கரி படியும். அதுகண்டு சூடான பிளக்கை மாட்டினால், பிறிதொருநாள் கொழும்புவரை விரைந்தோடுங்கால் எஞ்சினுக்கே கேடு நேரலாம். காபுரேற்றர் கலவையையும் காற்று வடியையும் முதலிற் சோதித்து, இடையிடையே நெடுந்தூரம் ஓட்டுதலே தக்கது.

கழற்றிய பிளக்கின் முனை இளங் கபில நிறமாயின் நலம், வெளிறியதாயின் மிகுசூடு, கருமையாயின் கரிப்படிவு. நோயின் காரணத்தை ஆராயாது மருந்தை மாற்றும் வைத்தியம் எஞ்சினுக்கும் உதவாது.