பேசும் பெட்டியை வாங்குமுன்

மும்பை, பெங்களூரு, டெல்லி போன்ற மாநகரங்களில் பிழைப்பின் நிமித்தம் குடியேறியுள்ள நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய பொருள் இடம் பிடித்து வருகிறது. தொலைக்காட்சிக்கு அருகிலோ, குளிர்சாதனப் பெட்டியின் மேலோ உள்ளங்கையளவு உருண்டையாய் அமர்ந்திருக்கும் அதனைப் பெயர் சொல்லி அழைத்தால் விளக்கு ஒளிர்கிறது. கேட்டால் பதில் சொல்கிறது. பாடச் சொன்னால் பாடுகிறது. சிலவற்றில் சிறு திரையும் உண்டு. அமேசான் நிறுவனத்தின் எக்கோ 2017ஆம் ஆண்டின் இறுதியிலும், கூகுள் ஹோம் 2018 ஏப்ரல் மாதத்திலும் நம் நாட்டுக்கு வந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் ஹோம்பாட் மினி 2020இல் வந்தது.

கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் இதனை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்று வீடு சந்திப்பின்போது என்னிடம் கேட்கிறவர்கள் பலர். போதகரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் வீட்டின் நடுக்கூடத்தில் இரவும் பகலும் செவி திறந்திருக்கும் ஒரு பொருளைக் குறித்து எவரிடமாவது ஆலோசனை கேட்பது நல்லதே. பெரும்பாலோர் விலையையும் ஒலியின் தரத்தையும் மாத்திரமே ஒப்பிடுகின்றனர். நான் அவர்களிடம் முதலாவது கேட்பது வேறு: வீட்டில் யாருக்காக இதனை வாங்குகிறீர்கள்?

அதற்கு எந்த மொழி தெரியும்?

கல்யாணுக்கு அப்பால் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை அறிவேன். தகப்பனார் காலமான பின்பு மகன் தன் தாயாரைத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டார். கணவனும் மனைவியும் காலை ஏழு மணி ரயிலுக்குப் போய்விடுவர். அம்மையாருக்குத் துணையாக இருக்கட்டும், விரும்பிய கீர்த்தனையை அவர்களே கேட்டு மகிழட்டும் என்று மகன் ஓர் எக்கோ வாங்கி வைத்தார். நல்ல எண்ணம்தான். அம்மையாரும் அதன் முன் அமர்ந்து, வீட்டுப் பெண் பிள்ளையிடம் பேசுவதுபோல், "அலெக்ஸா, பழைய கீர்த்தனை ஒண்ணு போடும்மா" என்று கேட்டார்கள். அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் மன்னிப்பு. ஒன்பது வயதுப் பேரன் வந்து, "ஆச்சி, அதுக்குத் தமிழ் தெரியாது. என்கிட்டச் சொல்லுங்க, நான் கேக்கேன்" என்றான். அன்றுமுதல் பேரன் பள்ளியிலிருந்து திரும்பும்வரை பெட்டி ஊமையாகவே இருக்கிறது. பிறரைச் சார்ந்திராதபடி வாங்கப்பட்ட பொருள், சிறுவனையே சார்ந்திருக்கும்படி செய்துவிட்டது.

நம்மவர் அநேகர் கவனியாத செய்தி இதுவே. இப்பெட்டிகள் நம் நாட்டுக்கு வந்தபோது ஆங்கிலம் பேசின. கூகுளின் பெட்டி 2018லும் அலெக்ஸா 2019 செப்டம்பரிலும் இந்தி கற்றன. அக்காலத்தில் தமிழ் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. தமிழ்ப் பாடல்களைப் போடும் என்று விளம்பரம் சொல்வது உண்மையே. ஆனால் பாடலைத் தமிழில் போடுவது ஒன்று, தமிழில் சொன்னதை விளங்கிக்கொள்வது வேறொன்று. பாடலின் தமிழ்ப் பெயரை ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஆங்கில உச்சரிப்போடு சொன்னால்தான் பல நேரங்களில் அது பிடித்துக்கொள்கிறது. எனவே வாங்கும் நாளில் கடையில் நின்று, வீட்டில் பேசும் தமிழிலேயே இரண்டு வாக்கியம் பேசிப் பாருங்கள். கடைக்காரர் பேசிக் காட்டுவதை நம்ப வேண்டாம். அவர் நாவுக்கு அது பழகியிருக்கும்.

2024ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி நகரில் வீட்டுக்குள் குரங்குகள் புகுந்தபோது, பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அலெக்ஸாவை நாய்போல் குரைக்கச் சொல்லி அவற்றை விரட்டிய செய்தியைப் பலரும் வாசித்திருப்பீர்கள். அச்சமயத்தில் அப்பெட்டிக்கு விளங்கும் மொழி அவள் நாவில் இருந்தது. நம் ஆச்சிமார் தனித்திருக்கையில் அப்படியொன்று நேரிட்டால் என்ன செய்வார்கள்? அதே காரணத்தினால், 108 அல்லது 112 போன்ற அவசர எண்களை இப்பெட்டி அழைத்துவிடும் என்று எண்ணி முதியோரைத் தனியே விட்டுச் செல்லலாகாது. அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கைப்பேசி இருக்கட்டும்.

கைப்பேசி என்றவுடன் மற்றொன்றைச் சொல்ல வேண்டும். கூகுள் தன் ஜெமினி செயலியை 2024 ஜூன் மாதத்தில் இந்தியாவில் வெளியிட்டபோது தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளில் வெளியிட்டது. ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கும் பெட்டிக்குத் தெரியாத தமிழ், உங்கள் பழைய கைப்பேசிக்குத் தெரிந்திருக்கக்கூடும். அதனை ஒரு தாங்கியில் நிறுத்தி, மின்னேற்றக் கம்பியைச் செருகி, சாதாரண ப்ளூடூத் ஒலிபெருக்கி ஒன்றோடு இணைத்தால், தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்கு அது மேலான துணையாக இருக்கும். தமிழ் வேதாகம ஒலிப்பதிவையும் அவ்வாறே கேட்கலாம். தள்ளுபடி விளம்பரத்தில் இதனை ஒருவரும் எழுதமாட்டார்கள்.

திரையுள்ளதா, இல்லாததா?

பாட்டும் நேரமும் மழை விவரமும் போதும் என்போருக்குத் திரை வேண்டியதில்லை. கூகுளின் நெஸ்ட் மினி 2019இல் 4,499 ரூபாய்க்கு அறிமுகமானது. எக்கோ பாப் 2023இல் 4,999 ரூபாய்க்கு வந்தது. பண்டிகைக் காலத்தில் இவற்றின் விலை நன்றாகவே இறங்கும்.

முதியோருக்கும், சபைக் கூட்டங்களை யூடியூப் வழியாகக் காண்போருக்கும் திரையுள்ளதே ஏற்றது. நாவினால் சொல்ல முடியாததை விரலால் தொட்டுக் காட்டலாம் அல்லவா? இங்கே இரு நிறுவனங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கூகுளின் நெஸ்ட் ஹப் 2019 ஆகஸ்டில் 9,999 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. யூடியூப் கூகுளுக்கே உரியதாகையால் அதில் நேராக இயங்குகிறது. அமேசானின் எக்கோ ஷோவிலோ, 2017இல் இரு நிறுவனங்களுக்கும் இடையே எழுந்த பிணக்கின் காரணமாக யூடியூப் நிறுத்தப்பட்டு, பின்பு உலாவி வழியாகத் திறக்கும் வழக்கம் ஏற்பட்டது. உலாவியைத் திறந்து தேடிப் பார்ப்பது நமக்கு எளிது, கண்பார்வை மங்கிய எழுபது வயதுத் தாயாருக்கு எளிதன்று.

ஆனால் நெஸ்ட் ஹப்பில் கேமரா இல்லை. ஊரிலுள்ள பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேச விரும்புவோருக்கு எக்கோ ஷோவே உதவும். அதற்கும் ஊரிலுள்ளவர் கைப்பேசியில் அலெக்ஸா செயலி இருந்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் பழகிய ஊர்ச் சனத்தை இதற்காக வேறொரு செயலிக்கு மாற்றுவது எளிதென்று எனக்குத் தோன்றவில்லை. மறுபுறம், படுக்கையறையும் கூடமும் ஒன்றேயாயிருக்கும் வீட்டுக்குக் கேமரா இல்லாத திரையே நலம். எக்கோ ஷோவை வாங்கினால், கேமராவை மூடும் சிறு தகடு அதன் மேல் விளிம்பில் இருக்கிறது. தேவையற்ற வேளைகளில் அதனை மூடி வையுங்கள்.

அது கேட்பது எதனை?

எந்நேரமும் நாம் பேசுவதையெல்லாம் இது நிறுவனத்துக்கு அனுப்புகிறது என்று சிலர் அஞ்சுகின்றனர். ஒன்றையும் அனுப்புவதில்லை என்று விற்பவர்கள் சொல்லுகின்றனர். இரண்டும் சரியன்று. தன்னை அழைக்கும் பெயருக்காக மாத்திரம் பெட்டி தனக்குள்ளே செவிகொடுத்துக் கொண்டிருக்கிறது. அப்பெயர் காதில் விழுந்தவுடன் அடுத்து வரும் பேச்சை இணையத்தின் வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்புகிறது. பெயரைத் தவறாகக் கேட்டுவிட்டால் அழையாமலே விழித்துக்கொள்ளும். நம் வீடுகளில் அலெக்ஸ், அலெக்ஸாண்டர் என்னும் பெயர்களுக்குக் குறைவில்லை. பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டால் பெட்டி பதில் சொல்லும் வீடுகளும் உண்டு. செயலியில் அழைக்கும் பெயரை எக்கோ என்றோ கம்ப்யூட்டர் என்றோ மாற்றிக்கொள்ளலாம்.

நகைப்பதற்கு மாத்திரமல்ல, கவனிப்பதற்கும் சில நிகழ்வுகள் உள்ளன. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பெட்டியிடம் கேட்டுப் பொம்மை வீட்டை வரவழைத்துவிட்டாள். அச்செய்தியை வேறொரு நகரின் தொலைக்காட்சியில் வாசித்தபோது, அதைக் கேட்ட வேறு வீடுகளின் பெட்டிகளும் பொம்மை வீட்டை வாங்க முனைந்தன. 2018இல் போர்ட்லாந்து நகரில் கணவனும் மனைவியும் வீட்டில் பேசிய உரையாடலைப் பெட்டி பதிவு செய்து, அவர்களுக்கு அறிமுகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டது. பதிவுகளில் ஒரு சிறு பகுதியை ஊழியர்கள் கேட்டுப் பார்க்கின்றனர் என்பது 2019இல் வெளியானது. அமேசான், கூகுள், ஆப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களும் இதில் அகப்பட்டன. பிள்ளைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில், 2023இல் அமேசான் இரண்டரைக் கோடி டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. குரலை நிறுவனத்துக்கு அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே கையாளும் வசதி சில எக்கோ பெட்டிகளில் அமெரிக்காவில் இருந்தது. அதுவும் 2025 மார்ச் 28ஆம் தேதியோடு நீக்கப்பட்டது.

இவற்றை எழுதுவது உங்களை அச்சுறுத்துவதற்காக அல்ல. என் வீட்டுக் கூடத்திலும் ஒன்று இருக்கிறது. ஆனால் நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் அறையும் சமையலறையுமாய் ஆறு பேர் வாழும் வீட்டில், பெட்டியின் காதுக்கு எட்டாத மூலை ஏது? மகளின் திருமணப் பேச்சு, மூத்தவரின் கடன், மருத்துவர் சொன்ன வியாதி, குடும்ப ஜெபத்தில் கண்ணீரோடு அறிக்கையிடுகிற காரியம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே அறையில்தான் பேசப்படுகின்றன. போதகரிடம் மனந்திறந்து பேச வருகிறவர் அங்கே ஒரு பெட்டி இருப்பதையே அறியமாட்டார். ஆகையால் ஒலிவாங்கியை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள அனைவரும், முதியவரும் அறிந்திருக்க வேண்டும். எக்கோவில் அதனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். நெஸ்ட் பெட்டிகளில் அதற்கென ஒரு சிறு விசை உண்டு. ஜெபத்துக்கு அமரும்போது கைப்பேசியை அணைப்பதுபோல் இதனையும் அணைப்பது என் வழக்கம். விசையுள்ள மின்பலகையில் செருகிவிட்டால் இன்னும் எளிது. விசையைத் தட்டினால் போதும்.

செயலிக்குள் சென்றால் இதுவரை பேசிய அனைத்தும் எழுத்தாக இருக்கக் காணலாம். அவற்றை அழிக்கவும், குறிப்பிட்ட மாதங்களுக்குப்பின் தானாக அழியும்படி வைக்கவும் வழி உண்டு. கவனிக்க: யாருடைய கணக்கில் பெட்டி பதிவாகியிருக்கிறதோ, அவர் இதையெல்லாம் தன் அலுவலகத்தில் இருந்தபடியே வாசிக்கலாம். மருமகள் கேட்டதை மகன் வாசிக்கலாம். ஒரே அறையில் தங்கும் வாலிபர்களில் ஒருவன் மற்றவன் கேட்டதை வாசிக்கலாம். டிராப் இன் என்னும் வசதியைத் திறந்து வைத்தால், அனுமதி பெற்றவர் தூரத்திலிருந்து, எவரும் எடுத்துப் பேசாமலே வீட்டுக்குள் பேசவும் கேட்கவும் முடியும். நோயுற்ற தகப்பனாரைக் கவனிக்க அது பேருதவி. அவருக்குச் சொல்லாமல் அதனைத் திறந்து வைப்பது உளவு. கணக்கு யாருடையது, எதெல்லாம் திறந்திருக்கிறது என்பதை முதல் நாளிலேயே அனைவர் முன்பாகவும் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி விளையாட்டுச் சவால் ஒன்று சொல்லும்படி கேட்டபோது, பாதி செருகிய மின்செருகியின் மேல் நாணயத்தை வைக்கும்படி அலெக்ஸா சொல்லிவிட்டது. தாயார் அருகில் இருந்ததால் தீங்கு நேரவில்லை. நிறுவனம் அந்தப் பிழையைத் திருத்திற்று. ஆயினும் பெட்டி இணையத்தில் கிடைத்ததை வாசிக்கிறதேயொழிய, கேட்பது குழந்தை என்று அறிந்து பேசுவதில்லை. பெரியவர் இல்லாத மணி நேரங்களில் அதன் மின்செருகியை எடுத்து வைப்பதே நான் கண்ட எளிய வழி. குரலால் பொருள் வாங்கும் வசதியை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

வாங்கும்போதும், வீடு மாறும்போதும்

பெட்டியின் விலையோடு செலவு முடிவதில்லை. வைஃபை இல்லாவிடில் இது வெறும் ப்ளூடூத் ஒலிபெருக்கியே. கைப்பேசியின் இணையத்தை நம்பி வாங்கினால், கைப்பேசி வேலைக்குச் செல்லும்போது பெட்டியும் செயலற்றுப் போகும். விளம்பரமின்றி விரும்பிய பாடலைக் கேட்கச் சந்தாவும் வேண்டும். அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தா 2021 டிசம்பரில் 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாயாக உயர்ந்தது. பெரும்பாலான பெட்டிகளில் மின்கலம் கிடையாது, மின்தடையில் அவை இயங்கா. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சரக்கை வாங்குமுன் ஒன்றை அறியுங்கள்: லெனோவோ, ஜேபிஎல், எல்ஜி ஆகியவை செய்த கூகுள் திரைப் பெட்டிகளுக்கு 2023இல் கூகுள் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டது. பெட்டி பழுதடையாமலே பழையதாகிவிடும்.

வாசற்கதவின் பூட்டை இதனோடு இணைக்க வேண்டாம். நம் குடியிருப்புகளில் பக்கத்து வீட்டுக் குரல் ஜன்னல் வழியாக வரும் தூரம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

வாடகை வீடு மாறும்போது புதிய வைஃபையில் இதனை மறுபடியும் இணைக்க வேண்டும். அதற்குரிய கடவுச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஊருக்கு அனுப்பினாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும், விற்றாலும், முதலில் செயலியில் உங்கள் கணக்கிலிருந்து அதனை நீக்கி, பின்பு தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிக் கொடுங்கள். பழையதை வாங்குகிறவர்கள், விற்பவர் முன்னிலையிலேயே இவ்விரண்டையும் செய்யச் சொல்லி, உங்கள் கணக்கில் அது பதிவாவதைப் பார்த்த பின்பே பணத்தைக் கொடுங்கள்.