மரமேறப் பழகுவோருக்குக் கயிறும் கச்சையும்

காலபோக உழவுக்கு முன் வயலுக்குக் குழை தாழ்ப்பது வடபகுதிக் கமக்காரரின் நெடுநாளைய வழக்கமாகும். பூவரசு, வேம்பு, கிளிசரிடியா முதலிய மரங்களின் குழை மண்ணுக்குச் சேதனப் பொருளையும் பயிருக்கு நைதரசனையும் தருகின்றது. மரக்கறித் தோட்டத்தின் மேற் கவிந்து நிற்கும் கிளைகளையும் காலந்தோறும் களைதல் வேண்டும். இன்றேல் மிளகாயும் கத்தரியும் போதிய வெயில் பெறாது மெலிந்து போகும். இவ்விரு வேலைகளுக்கும் மரமேற நேரிடுகின்றது.

ஒரு கையாற் கிளையைப் பற்றி, மறு கையாற் கத்தியை வீசிக் குழை வெட்டுவோர் பலர். 30 அடி உயரத்திலிருந்து தவறுபவர் ஒன்றரை வினாடிக்குள் நிலத்தை அடைகின்றார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீற்றர் ஆகும். முதுகெலும்பு முறிந்தால் அப்போகம் மட்டுமன்றிக் குடும்பத்தின் பல்லாண்டு வாழ்வும் குலைந்துவிடும். கயிறும் கச்சையும் கொண்டு ஏறும் முறையை ஒழுங்காகப் பழகினால் இத்தீங்கைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

ஏறுமுன் ஆராய்க

கொக்கைத்தடியால் நிலத்தில் நின்றே வெட்டக்கூடிய குழைக்கு மரமேற வேண்டியதில்லை. ஏறியே ஆகவேண்டுமாயின் முதலில் மரத்தைச் சுற்றி வந்து நோக்குதல் வேண்டும். அடிமரத்திற் காளான் முளைத்திருத்தல், பட்டை வெடித்திருத்தல், வேர்ப்பக்க மண் கிளம்பியிருத்தல் ஆகியவை மரம் உளுத்தமைக்கு அறிகுறிகளாகலாம். சுத்தியலாற் தட்டும்போது பொள்ளென்று ஒலிக்கும் மரத்தில் ஏறலாகாது. முருங்கையின் கிளை எளிதில் முறியுமாதலின் அது ஆளின் பாரத்தை நம்பி விடத்தக்கதன்று. குளவிக்கூடும் முசுற்றுக்கூடும் உளவோ எனப் பார்த்தல் வேண்டும். மின்கம்பி அருகிற் செல்லும் மரத்தைத் தொடாது, மின்சார சபைக்கு அறிவித்தலே முறை. மழை, கடுங்காற்று, இடி முழக்கம் உள்ள வேளைகளில் ஏறுதல் ஆகாது.

வேண்டிய உபகரணங்கள்

மரமேறுதற்கென்றே செய்யப்பட்ட, 12 அல்லது 13 மில்லிமீற்றர் தடிப்புள்ள கயிறு வேண்டும். கிணற்றுக்கும் மாட்டுக்கும் பயன்படும் தும்புக் கயிறும் பிளாத்திக்குக் கயிறும் இதற்கு உதவா. தும்புக் கயிறு ஈரத்தில் உக்கிவிடும். பிளாத்திக்குக் கயிறு வெயிலில் வலுவிழப்பதோடு, உராய்வின் சூட்டில் இளகியும் விடும். 30 அடி உயரக் கிளைக்குக் கயிறு இரட்டையாகத் தொங்கவேண்டியிருத்தலின் 80 அடி நீளமாவது தேவை.

கச்சை என்பது இடுப்பையும் இரு தொடைகளையும் சுற்றி அணியும் பட்டியாகும். இடுப்பில் மட்டும் கயிற்றைக் கட்டித் தொங்குபவருக்கு அது இறுகி மூச்சுத் திணறும். தொடைப்பட்டிகள் பாரத்தைத் தாங்குவதால் கச்சை அணிந்தவர் இருக்கையில் அமர்ந்தாற்போல் இருக்கலாம். இவற்றோடு தானே பூட்டிக்கொள்ளும் கொளுக்கிகள், நாடிப்பட்டியுள்ள தலைக்கவசம், 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள சிறுகயிற்று வளையம், மெல்லிய நூற்கயிறு கட்டிய சிறு மணற்பை என்பனவும் வேண்டும்.

கயிறு தாங்கும் விதம்

மணற்பையை உயரத்திலுள்ள கிளையின் மேலாக எறிந்து, நூற்கயிற்றின் உதவியாற் பெருங்கயிற்றை ஏற்றவேண்டும். அக்கிளை பச்சையானதாயும் 4 அங்குலத்துக்குக் குறையாத பருமனுள்ளதாயும் இருத்தல் வேண்டும். கயிறு அடிமரத்தை ஒட்டியே கிளையில் அமர்தல் வேண்டும். பின்னர் இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கி, கிளையின் வலுவைச் சோதித்தல் நன்று.

கயிற்றின் ஒரு முனையை எட்டு முடிச்சினாற் கச்சையின் முன்வளையத்தோடு பிணைக்கவேண்டும். மறுபக்கம் நிலம்வரை தொங்கும். தொங்கும் பக்கத்தில் சிறுகயிற்று வளையத்தை மும்முறை சுற்றி, அதனூடாகவே எடுத்து, அதனையும் கச்சையில் மாட்டவேண்டும். இதற்குப் புரூசிக் முடிச்சு என்று பெயர். ஆஸ்திரிய நாட்டு மலையேறியான கார்ள் புரூசிக் 1931 ஆம் ஆண்டில் இதனை விளக்கி வெளியிட்டார். பாரம் இல்லாதபோது இம்முடிச்சு கையாற் தள்ள நகரும். பாரம் விழுந்தவுடன் கயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். ஏறுபவர் கைவிட்டாலும் முடிச்சு விடாது.

கயிறு கிளையைச் சுற்றி இரட்டையாக ஓடுவதால், ஒரு அடி உயர்வதற்கு இரண்டு அடி கயிற்றை இழுக்கவேண்டும். அதற்கு ஈடாக இழுக்கும் பாரமும் குறைகின்றது. ஆயினும் கிளையில் உண்டாகும் உராய்வு அந்நன்மையின் ஒரு பகுதியைக் கவர்ந்துவிடும்.

படிப்படியாகப் பழகுதல்

முதற் பாடம் நிலத்திலேயே நிகழ்தல் வேண்டும். எட்டு முடிச்சையும் புரூசிக் முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டும் பிழையின்றிக் கட்டும்வரை கால் நிலத்தை விட்டு எழலாகாது. கட்டிய முடிச்சை மற்றொருவர் பார்த்த பின்னரே அதனை நம்பவேண்டும்.

அடுத்து, நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்திற் கச்சையில் அமர்ந்து பழகவேண்டும். புதியவர் அச்சத்தினாற் கயிற்றை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொள்வது இயல்பு. கைகளின் வலுவால் மட்டும் ஏற முயல்பவர் சில நிமிடங்களிற் களைத்துவிடுவார். கயிற்றைக் கால்களுக்கிடையிற் பிடித்து, காலை ஊன்றி எழுந்து, உடனே முடிச்சை மேலே தள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் கச்சையில் அமர்ந்து இளைப்பாறலாம்.

இறங்குவதை ஏறுவதற்கு முன்னரே கற்கவேண்டும். முடிச்சின் மேற்பகுதியை மெதுவாகக் கீழே அழுத்த, உடல் இறங்கும். விரைந்து இறங்கினால் உராய்வினாற் சிறுகயிறு சூடேறி உருகக்கூடும். தொங்கும் முனையில் ஒரு பெருமுடிச்சு இருந்தால், கயிறு தீர்ந்து போகும் வேளையிலும் ஆள் நழுவி விழமாட்டார்.

ஒரு அடியில் அச்சம் நீங்கிய பின் 6 அடி, 10 அடி என உயர்தல் வேண்டும். கயிறு எப்போதும் தலைக்கு மேலே இறுகி நிற்கவேண்டும். அது தளர்ந்திருப்பின் அத்தளர்ச்சியின் அளவுக்கு வீழ்ச்சி நேரும். கிளையின் நுனியை நோக்கித் தொலைவாகச் செல்பவர் தவறினால் ஊஞ்சல்போல் வீசப்பட்டு அடிமரத்தில் மோதுவார்.

வெட்டும்போது

இறுகி நிற்கும் கயிறு கத்தி பட்டவுடன் அறுந்துவிடும். ஆதலாற் கயிற்றில் இருப்பவருக்குக் கத்தியிலும் கைவாளே ஏற்றது. வெட்டத் தொடங்குமுன் இரண்டாவது குறுங்கயிறொன்றை அடிமரத்தைச் சுற்றிக் கச்சையில் மாட்டவேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். கிளையின் அடிப்புறத்திற் சிறிது அறுத்தபின் மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. குழை முழுவதையும் ஒரே முறையிற் களையாது, மரம் மீண்டும் தளிர்க்கப் போதிய இலையை விட்டுவைத்தல் வேண்டும்.

தனியே ஏறுதல் கூடவே கூடாது. கயிற்றில் ஏறவும் ஒருவரை இறக்கவும் அறிந்த துணைவர் கீழே, கிளை விழும் இடத்திற்கு அப்பால் நிற்றல் வேண்டும். மயங்கி அசைவின்றிக் கச்சையில் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கும். அவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்காவிடின் உயிருக்கே ஆபத்தாகும்.

பனைக்கும் தென்னைக்கும் இம்முறை பொருந்தாது. கயிற்றைப் போடுதற்கு அவற்றிற் கிளையில்லை. தளைநார் பூட்டி ஏறுவோரின் திறமை தலைமுறையாக வந்தது. ஆயினும் தளைநார் காலுக்குப் பிடிப்புத் தருமேயன்றிக் கை தவறியவரைத் தாங்காது. அம்மரங்களுக்குப் பாதுகாப்புப் பட்டியுள்ள ஏறுகருவிகள் தனியே உள்ளன.

கயிற்றைப் பேணுதல்

அழுக்கடைந்த கயிற்றை நன்னீரிற் கழுவி நிழலில் உலர்த்தவேண்டும். பசளை, கிருமிநாசினி, மண்ணெண்ணெய், மின்கல அமிலம் ஆகியவை உள்ள கொட்டிலில் அதனை வைக்கலாகாது. ஒவ்வொரு முறையும் ஏறுமுன் கயிற்றின் முழு நீளத்தையும் விரல்களாற் தடவிப் பார்த்தல் வேண்டும். வெட்டுப்பட்டது, இழை கிளம்பியது, கடுமையான வீழ்ச்சியைத் தாங்கியது ஆகிய கயிற்றினைப் பின்னர் ஏறுதற்குப் பயன்படுத்தலாகாது. மாடு கட்டவோ மரம் இழுக்கவோ இக்கயிற்றை ஒருமுறையேனும் இரவல் கொடுத்தவர், அது ஆளைத் தாங்கும் என்று பின்னர் உறுதி கொள்ள முடியாது.

இத்துண்டுப்பிரசுரத்தை வாசித்த அளவில் மரமேறுதல் தகாது. முறையறிந்த ஒருவரின் கண்முன்னே, தாழ்ந்த கிளையிற் பல நாள் பழகிய பின்னரே உயர்ந்த கிளையை நாடவேண்டும். குழை ஒரு நாள் பிந்தி வயலுக்கு வந்தாலும் பயிருக்குப் பெருங்கேடில்லை.