களம் கண்டவர்கள் – 17: பட்டியலில் இல்லாத நாடு

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தை வென்றவர் யார் என்று அதிகாரப்பூர்வப் பட்டியலைப் புரட்டினால், 'கிதேய் சோன், ஜப்பான்' என்று இருக்கும். ஓடியவர் ஜப்பானியர் அல்ல, கொரியர். சோன் கீ-சுங் என்பதுதான் அவர் பெயர். இன்று வட கொரியாவில் இருக்கும் சினுய்ஜு என்ற எல்லை ஊரில் 1912-ல் பிறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1910-ல், ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டுவிட்டது. கொரியராக ஒலிம்பிக்குக்குப் போக அவருக்கு வழியே இல்லை. ஜப்பான் அணியில் ஓடினார். அவர் பெயரின் எழுத்துகளை ஜப்பானிய உச்சரிப்பில் வாசித்துப் பதிந்துகொண்டார்கள். பட்டியலைத் தயாரித்தவர்கள் பொய் எழுதவில்லை, ஜப்பான்தான் அவரை அனுப்பியது. ஆனால் பட்டியலின் நாட்டுக் கட்டத்தில் இருப்பது அன்றைய அரசுகளின் ஏற்பாட்டைப் பற்றிய குறிப்பு மட்டுமே; ஓடிய மனிதரைப் பற்றிய உண்மை அதில் இல்லை. பழைய வீரர்களை நினைவுகூரும்போது பட்டியலின் நாட்டுக் கட்டத்தைவிட, தான் யார் என்று அந்த வீரர் சொன்னதற்கு முதலிடம் தர வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல விரும்புவது.

சோன் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதற்குச் சாட்சியங்கள் ஏராளம். 1936 ஆகஸ்ட் 9 அன்று ஓட்டம் தொடங்கியதும் முந்தைய சாம்பியனான அர்ஜென்டினாவின் ஹுவான் கார்லோஸ் ஸபாலா வேகமாக முன்னேறிப் போனார். சோனும் பிரிட்டனின் எர்னெஸ்ட் ஹார்ப்பரும் பின்னால் சேர்ந்து ஓடினார்கள். ஸபாலாவைத் துரத்த வேண்டாம், தானாகத் தளர்ந்துவிடுவார் என்று ஹார்ப்பர் சைகையால் உணர்த்தியதாகச் சோன் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அப்படியேதான் ஆயிற்று. 30 கிலோமீட்டரை நெருங்குவதற்குள் ஸபாலா பின்தங்கினார், பிறகு ஓட்டத்தையே கைவிட்டார். சோன் 2 மணி 29 நிமிடம் 19.2 விநாடியில் ஓடி முடித்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். ஹார்ப்பருக்கு வெள்ளி. வெண்கலம் வென்றவரும் ஒரு கொரியர்தான், நாம் சுங்-யோங். பரிசு மேடைப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜப்பானியக் கொடி ஏறுகிறது, ஜப்பானிய தேசிய கீதம் ஒலிக்கிறது, இரண்டு கொரியர்களும் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். வெற்றியாளருக்குக் கொடுத்த ஓக் மரக்கன்றை நெஞ்சோடு அணைத்து, சட்டையில் இருந்த ஜப்பானின் உதயசூரியச் சின்னத்தைச் சோன் மறைத்துக்கொள்கிறார். சோனுக்குக் கிடைத்த தங்கத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை, சட்டையை மறைக்க அவர் கையில் ஒரு செடி இருந்ததைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன் என்று நாம் சொன்னது கொரியாவில் இன்றும் பேசப்படுகிறது. பெர்லினில் கையெழுத்துக் கேட்டவர்களுக்குச் சோன் தன் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நிருபர்களிடம் தன் நாடு கொரியா என்றார்.

அந்த மறுப்பைச் சொந்த நாட்டுப் பத்திரிகை ஒன்று புரிந்துகொண்டது. சியோலில் வெளிவந்த 'தோங்-ஆ இல்போ' நாளிதழ், பரிசளிப்புப் படத்தில் சோனின் சட்டையிலிருந்த ஜப்பானியச் சின்னத்தை அழித்துவிட்டு ஆகஸ்ட் 25 அன்று அச்சிட்டது. காலனி அரசு பத்திரிகையாளர்களைக் கைது செய்து, இதழை ஒன்பது மாதங்கள் முடக்கிப்போட்டது. ஒரு விளையாட்டுப் படத்தில் ஒரு சின்னத்தை அழித்ததற்கு இத்தனை பெரிய தண்டனை என்றால், அந்தச் சின்னம் யாருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று விளங்கும். சோன் அதன்பின் ஜப்பானுக்காக மாரத்தான் ஓடவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குதான். முந்தைய ஆண்டு நவம்பரில் டோக்கியோவில் 2 மணி 26 நிமிடம் 42 விநாடியில் ஓடி உலகின் மிகச் சிறந்த நேரத்தைப் பதித்திருந்தவர், உச்சத்தில் இருக்கும்போதே நின்றுபோனார். மாரத்தான் வெற்றியாளருக்கென்று ஒரு கிரேக்க நாளிதழ் அளித்திருந்த பழங்கால வெண்கலத் தலைக்கவசமும் அவர் கைக்கு வரவில்லை. விலைமதிப்புள்ள பொருளை அமெச்சூர் வீரருக்குத் தரக்கூடாது என்ற விதியால் அது பெர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் தங்கிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1986-ல்தான் அவரிடம் சேர்ந்தது. மறு ஆண்டு தென் கொரிய அரசு அதைத் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்றாக அறிவித்தது.

வீரர் சொன்னதற்கே முதலிடம் என்ற கருத்துக்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, பட்டியல் என்பது ஓர் ஆவணம் என்பது. யார் அனுப்பினார்களோ அவர்கள் பெயரைத்தான் அது பதியும். 1936-ல் கொரியா என்று தனி அரசு இல்லாதபோது எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விதியை ஒலிம்பிக் பட்டியலே சீராகக் கடைப்பிடிக்கவில்லை. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 மீட்டர், 10,000 மீட்டர், கிராஸ் கன்ட்ரி என்று மூன்று தங்கம் வென்றவர் ஹான்னஸ் கொலமைனன். ஃபின்லாந்து அன்று ரஷ்யப் பேரரசருக்குக் கீழே இருந்தது. அவர் வென்றபோது ஏறியது ரஷ்யக் கொடி. ஆனாலும் அந்தப் பதக்கங்கள் பட்டியலில் ஃபின்லாந்தின் பெயரில்தான் இருக்கின்றன. ஆஸ்திரியப் பேரரசின் பகுதியாக இருந்த பொஹீமியாவும் தனி நாடாகவே பதியப்பட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம்மையே பார்ப்போம். சோன் ஓடி ஆறு நாள் கழித்து, அதே பெர்லினில், ஆகஸ்ட் 15 அன்று தியான் சந்த் தலைமையில் ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்து ஹாக்கித் தங்கம் வென்றது இந்தியா. அன்று இந்தியாவும் அடிமை நாடுதான். இறுதி ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் மூவண்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டுத்தான் களமிறங்கினோம் என்று தியான் சந்த் எழுதியிருக்கிறார். ஒளித்து வைத்துத்தான் வணங்க முடிந்தது. இருந்தும் அந்தத் தங்கம் இந்தியாவின் கணக்கில் இருக்கிறது, பிரிட்டனின் கணக்கில் இல்லை. ஒரே ஒலிம்பிக், இரண்டு அடிமை நாடுகள், ஒன்றின் பெயர் பட்டியலில் இருக்கிறது, மற்றதன் பெயர் இல்லை.

இந்தியாவுக்கும் ஃபின்லாந்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஒலிம்பிக் சங்கம் இருந்தது, கொரியாவுக்கு இல்லை, அதுதான் வேறுபாடு என்பார்கள். உண்மை. இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927-ல் அமைந்தது. ஆனால் கொரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. 1920-லேயே தங்களுக்கென்று ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். உலகம் அதை அங்கீகரிக்கவில்லை, 1938-ல் காலனி அரசு அதைக் கலைத்துவிட்டது. ஆக, லண்டன் தன் காலனிக்கு ஓர் அணியை விட்டுக்கொடுத்தது, டோக்கியோ விட்டுக்கொடுக்கவில்லை. எஜமானர் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தாரோ, அதைப் பொறுத்து வீரரின் நாடு மாறுகிறது. பிடி கூடுதலாக இறுகியிருந்த இடத்தில் நினைவிலும் அநீதி தொடர வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஜப்பானின் பிடி விலகியதும் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1947 பாஸ்டன் மாரத்தானில் சோனிடம் பயிற்சி பெற்ற சூ யுன்-போக் வென்றார். 2 மணி 25 நிமிடம் 39 விநாடி. பதினொரு ஆண்டுகளுக்கு மேல் நின்ற குருவின் சாதனையைச் சீடரே முறியடித்தார். பெர்லினில் மறைக்கச் செடி இல்லாமல் நின்ற நாம் சுங்-யோங்கும் அன்று பாஸ்டனில் ஓடினார். தென் கொரியக் குடியரசு பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்த நிலத்திலிருந்து வந்தவரைக் கொரியர் என்று எழுத யாருக்கும் தயக்கம் வரவில்லை.

முடிந்துபோன முடிவுகளைத் திருத்தத் தொடங்கினால் வரலாறே மிஞ்சாது என்பது இரண்டாவது மறுப்பு. 1970-ல் தென் கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பெர்லின் மைதானத்துக்குப் போய், வெற்றியாளர் பெயர்கள் பொறித்த சுவரில் 'ஜப்பான்' என்ற சொல்லைச் செதுக்கி எடுத்துவிட்டுக் 'கொரியா' என்று பொறித்தார். பின்னர் ஜெர்மானியர்கள் பழையபடி மாற்றிவிட்டார்கள். அவருடைய வலி எனக்குப் புரிகிறது, ஆனால் செயலில் உடன்பாடு இல்லை. ஜப்பான் என்ற சொல்லை அழித்தால், அந்தச் சட்டையைச் சோன் ஏன் மறைத்தார் என்பதும் சேர்ந்து அழிந்துபோகும். நான் கேட்பது அழிப்பதை அல்ல, சேர்ப்பதை. முடிவுகளைத் தொடவே கூடாது என்ற வாதமும் இப்போது செல்லாது. அமெரிக்கப் பழங்குடியான ஜிம் தோர்ப் 1912-ல் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். முன்பு சிறு தொகைக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று 1913-ல் பதக்கங்களைப் பறித்தார்கள். போட்டி முடிந்து 30 நாளுக்குள் புகார் வந்திருக்க வேண்டும் என்ற அன்றைய விதிப்படியே அது தவறு. 1953-ல் அவர் இறந்தார். 1982-ல் பதக்கங்களைத் திருப்பித் தர முடிவெடுத்தவர்கள், அப்போதும் 'இணை வெற்றியாளர்' என்றே எழுதினார்கள். அவர்தான் ஒரே வெற்றியாளர் என்று 2022 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது. அதனால் ஒலிம்பிக் வரலாறு இடிந்து விழவில்லை. இணை வெற்றியாளர்களாக இருந்த தங்கள் வீரர்கள் ஒரு படி கீழிறங்க ஸ்வீடனும் நார்வேயும் மறுப்பின்றிச் சம்மதித்தன, அது பெருந்தன்மை.

அப்படியானால் எல்லாப் பதக்கத்தையும் பிறந்த மண் பார்த்துப் பங்கு பிரிக்கலாமா என்று கேட்கலாம். கூடாது. அல்ஜீரியாவில் பிறந்த அலைன் மிமூன் இதற்கு நல்ல விடை. இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் போரிட்டு, இத்தாலியின் மோன்டே கசினோவில் காயம்பட்டுக் காலையே இழந்திருக்க வேண்டியவர். 1948-லும் 1952-லும் மூன்று முறை செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடோபெக்குக்குப் பின்னால் வந்து வெள்ளியோடு திரும்பினார். 1956-ல் மெல்போர்னில் மாரத்தான் தங்கம் வென்றுவிட்டு, ஆறாவதாக வந்துகொண்டிருந்த ஸாடோபெக்குக்காக எல்லைக்கோட்டருகே காத்து நின்றார். வந்ததும் இருவரும் தழுவிக்கொண்டார்கள். அப்போது அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் மிமூன் தன்னைப் பிரெஞ்சுக்காரர் என்றே கருதினார், வாழ்நாள் முழுக்க அதைப் பெருமையோடு சொன்னார். அவர் பெயரெதிரே பிரான்ஸ் என்று இருப்பது முழு உண்மை. பிறந்த ஊரைக் காட்டி அதை மாற்றுவது சோனுக்குச் செய்யப்பட்டதையே மிமூனுக்கும் செய்வதாகும். ஆகவே பிறப்பிடமோ, இன்றைய வரைபடமோ அளவுகோல் அல்ல. வீரர் தன் வாயால் சொன்னது இருந்தால் அதுவே முதல் சாட்சி.

அப்படிச் சாட்சி கிடைக்காத இடங்களில் அவசரப்பட்டு உரிமை கொண்டாடாமல் இருப்பதும் நேர்மைதான். கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்டு 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி வென்றார். பின்னாளில் நார்மன் டிரெவர் என்ற பெயரில் ஹாலிவுட் மௌனப் படங்களில் நடித்தார். ஒலிம்பிக் கமிட்டி அவரை இந்தியக் கணக்கில் வைத்திருக்கிறது, உலகத் தடகள அமைப்போ பிரிட்டன் கணக்கில் வைத்திருக்கிறது. ஒரே மனிதருக்கு இரண்டு பெரிய அமைப்புகள் இரண்டு நாடுகள் எழுதியிருக்கும்போது, அந்தக் கட்டம் எவ்வளவு தூரம் பின்னால் வந்தவர்களின் தீர்மானம் என்பது தெரிகிறது. ஒலிம்பிக்கில் முதல் பதக்கம் வென்ற இந்தியர் என்று நம் பொது அறிவு நூல்கள் அவரைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரியோடு இந்தக் கருத்து வேறுபாட்டையும் சேர்த்து எழுதுவதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக, விளையாட்டில் நாடு எதற்கு, ஒரு கொடிக்குப் பதில் இன்னொரு கொடியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மதிக்கத்தக்க எண்ணம்தான். போட்டி வீரர்களுக்கிடையே, நாடுகளுக்கிடையே அல்ல என்று ஒலிம்பிக் சாசனமே சொல்கிறது. நாடு வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் பெயராவது அவருடையதாக இருக்க வேண்டுமே! 1988-ல் சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் எழுபத்தாறு வயதில் துள்ளிக் குதித்து ஓடி ஜோதியை மைதானத்துக்குள் கொண்டுவந்தவர் கிதேய் சோன் அல்ல. 1992 ஆகஸ்ட் 9 அன்று, பெர்லின் வெற்றியின் அதே தேதியில், பார்சிலோனாவில் கொரியாவின் ஹ்வாங் யங்-சோ ஜப்பானின் மொரிஷிதாவை முந்தி மாரத்தானை வென்றதை மைதானத்தில் இருந்து பார்த்தவரும் கிதேய் சோன் அல்ல. 2002-ல் அவர் காலமானார். பட்டியலில் பெயர் இன்னும் மாறவில்லை. அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தேடிப் படிப்பவர்களுக்கு மட்டுமே கதை தெரியவருகிறது.

தமிழில் ஒலிம்பிக் வரலாறு எழுதுகிறவர்களுக்கும், போட்டித் தேர்வுக்கு நூல் தொகுக்கிறவர்களுக்கும், வினாடி-வினா நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1936 மாரத்தான் என்று வரும் இடத்தில் இனி 'சோன் கீ-சுங், கொரியர். ஜப்பான் அணியில் ஓட வேண்டியிருந்தவர்' என்று எழுதுங்கள்.

(தொடரும்)